வேலையை விட்ட பிறகும் சம்பளம் வந்துவிட்டதா? திருப்பிக் கொடுப்பது எப்படி

2019 ஜூன் கடைசியில் சென்னையில் ஒரு கம்பெனி வேலையை விட்டேன். ஜூலை 31 காலையில் பேங்க்கிலிருந்து மெசேஜ்: 46,800 ரூபாய் வரவு. மாதாமாதம் வரும் அதே தொகை. வேலையை விடும்போது கணக்கு முடித்துத் தரும் செட்டில்மென்ட் பணமாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, அதில் 30,000 ரூபாயைத் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கட்டிவிட்டேன். செப்டம்பரில் ஹெச்.ஆரிடமிருந்து மெயில் வந்தது. தவறுதலாகச் சம்பளம் போட்டுவிட்டோம், 52,000 ரூபாய் திருப்பிக் கட்டுங்கள் என்று. இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. எதற்குப் பின் எதைச் செய்வது என்று தெரியாததுதான் பெரிய பயமாக இருந்தது, அதனால்தான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: பணத்தைத் தொடாதீர்கள், அது என்ன பணம் என்று பாருங்கள்

வேலையை விட்ட பிறகு வருவதெல்லாம் தவறாக வந்தது என்று சொல்லிவிட முடியாது. எடுக்காத விடுப்புக்கான பணம், நிலுவையில் இருந்த போனஸ், ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று உங்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியதாகவும் இருக்கலாம். செட்டில்மென்ட் கணக்குத் தாளை வாங்கி, வந்த தொகையோடு ஒப்பிடுங்கள். முழு மாதச் சம்பளம் ரூபாய் மாறாமல் அப்படியே வந்திருந்தால் பெரும்பாலும் சம்பளப் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை நீக்க மறந்திருப்பார்கள்.

இரண்டாம் படி: கொடுத்தே ஆக வேண்டுமா?

ஆமாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 72-வது பிரிவு, தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்று நேராகவே சொல்கிறது. 'தப்பு அவர்களுடையதுதானே' என்று நண்பர்கள் சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். தப்பு யாருடையதாக இருந்தாலும் அந்த மாதம் நாம் வேலை செய்யவில்லை, அதனால் அந்தப் பணம் நம்முடையது இல்லை. அவர்கள் கவனிக்கும் வரை காத்திருக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது, தவறு நடந்தது தெரியவந்த நாளிலிருந்துதான் அந்தக் கணக்கு ஓடும்.

அரசு ஊழியர்களின் நிலை வேறு. 2014 டிசம்பரில் ரஃபிக் மஸீஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கீழ்நிலை ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவர்கள் போன்றோரிடம், அரசே தவறுதலாகக் கொடுத்த கூடுதல் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்று சொன்னது. தனியார் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு அந்தத் தீர்ப்பை நம்பி உட்கார வேண்டாம்.

மூன்றாம் படி: போனில் பேசி முடிக்காதீர்கள்

அவர்கள் கேட்கும் முன் நீங்களே மெயில் அனுப்புவது நல்லது. 'எனது கடைசி வேலை நாள் இது, இந்தத் தேதியில் இவ்வளவு ரூபாய் வந்திருக்கிறது, இது தவறுதலாக வந்ததா என்று உறுதி செய்து, அந்த மாதச் சம்பளச் சீட்டையும் அனுப்புங்கள்.' இவ்வளவு போதும். யாராவது போன் செய்து ஒரு செல் நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னால் அனுப்பவே அனுப்பாதீர்கள். முன்னாள் ஊழியர்களின் விவரம் கையில் இருக்கும் யாரும் அப்படிப் பேச முடியும். பணம் போக வேண்டியது கம்பெனி பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும்தான், அந்தக் கணக்கு எண்ணும் கம்பெனி மெயிலில்தான் வர வேண்டும். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

நான்காம் படி: எவ்வளவு?

இங்கேதான் நிறையப் பேர் கையிலிருந்து இழக்கிறார்கள். என்னிடம் 52,000 கேட்டார்கள், ஆனால் என் கணக்குக்கு வந்தது 46,800. சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தபோது மீதி 5,200 எங்கே போனது என்று தெரிந்தது: பி.எஃப். 3,600, வருமான வரிப் பிடித்தம் 1,600. இரண்டுமே என் கைக்கு வரவில்லை. வரியை அந்த நிதியாண்டுக்குள் கம்பெனியே தன் டி.டி.எஸ். (சம்பளத்தில் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) கணக்கில் திருத்திக்கொள்ளலாம், பி.எஃப்.பையும் அவர்கள்தான் சரிசெய்ய வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். இரண்டு மெயில் போய் வந்த பிறகு 46,800 போதும் என்று ஒப்புக்கொண்டார்கள். மார்ச் 31 தாண்டிவிட்டால் வரி விஷயம் சிக்கலாகும், அதனால் இழுத்தடிக்காதீர்கள்.

ஐந்தாம் படி: மொத்தமாக முடியாவிட்டால் தவணை கேளுங்கள்

கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. செலவாகிவிட்டது என்ற உண்மையை அப்படியே சொல்லி, மாதம் 15,600 வீதம் மூன்று தவணை கேட்டேன், கொடுத்தார்கள். கட்ட முடிகிற தொகையை மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் 'ஜூலை 2019 கூடுதல் சம்பளம், தவணை 1' என்பது போலக் குறிப்பு போடுங்கள்.

ஆறாம் படி: கட்டிய பிறகும் வேலை இருக்கிறது

முழுத் தொகையும் வந்து சேர்ந்தது, இனி பாக்கி ஏதும் இல்லை என்று கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். கம்பெனி தரும் வருடச் சம்பளம், வரிப் பிடித்தச் சான்றிதழான ஃபார்ம் 16-இல் அந்த மாதச் சம்பளம் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பி.எஃப். தளத்தில் நுழைந்து, வேலையை விட்ட தேதியைப் பாருங்கள். இதை நான் மறந்தேவிட்டேன். தவறாகப் போன அந்த ஒரு மாதப் பங்களிப்பால், ஜூலையில் நான் இரண்டு கம்பெனியில் ஒரே நேரத்தில் வேலை பார்த்தது போலப் பதிவாகியிருந்தது. புதிய கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் அதைக் கேட்டார்கள். ஹெச்.ஆர். மெயிலையும் பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் அனுப்பிய பிறகுதான் விட்டார்கள்.