ஷெல் ஃபங்ஷனின் பிழையும் திருப்பும் மதிப்பும்

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் நீர்வரத்தையும் கோப்பிலிருந்து எடுத்துத் தஞ்சாவூர் உழவர்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் பாஷ் ஸ்கிரிப்ட் (பாஷ் என்னும் ஷெல்லில் இயங்கும் கட்டளைத் தொகுப்பு) ஒன்றை எழுதுவதாகக் கொள்வோம். அதிலுள்ள ஒரு ஃபங்ஷன் (பெயரிட்டு அழைக்கும் கட்டளைத் தொகுதி), நீர்மட்டமான 120 அடியை ரிட்டர்ன் (return) கட்டளையால் திருப்பினால் சரியாகவே வரும். ஆனால் 10000 கனஅடி நீர்வரத்தைத் திருப்பினால், அந்த எண் 0 முதல் 255 வரைக்குள் அடங்க வேண்டியிருப்பதால், 256-ஆல் வகுத்த மீதியான 16 என்றே கிடைக்கும். குறுவைக்கு நாற்றுவிட்டுக் காத்திருப்பவருக்கு இப்படியோர் எண் போய்ச் சேரக் கூடாது.

ஆகவே தரவை எக்கோ (echo) கட்டளை மூலம் வெளியிட்டு, அந்த வெளியீட்டை $( ) கொண்டு பிடித்துக்கொள்ளுங்கள். ரிட்டர்ன், வெற்றிக்கு 0, தோல்விக்கு வேறு எண் என்பதோடு நிற்கட்டும். பிழைச்செய்தியை >&2 வழியாகப் பிழைகளுக்கான தனி வெளியீட்டுக்கு அனுப்புங்கள், இல்லையெனில் அதுவும் தரவோடு கலந்துவிடும்.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: ஃபங்ஷனுக்குள் மட்டும் செல்லும் மாறியை உருவாக்கும் லோக்கல் (local) அறிவிப்பையும் $( ) அழைப்பையும் ஒரே வரியில் எழுதினால், கடைசிக் கட்டளையின் முடிவைச் சொல்லும் $? காட்டுவது லோக்கல் கட்டளையின் வெற்றியையே. ஃபங்ஷனின் தோல்வி மறைந்துபோகும். முதல் வரியில் மாறியை அறிவித்து, அடுத்த வரியில் மதிப்பை ஏற்றி, அங்கேயே || (முன் கட்டளை தோற்றால் மட்டும் அடுத்ததை இயக்கும் குறி) சேர்த்துத் தோல்வியைக் கையாளுங்கள்.