கேரவனை இழுக்கப் போகிறீர்களா? எடைக்கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை வந்தால் சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்கும் மெல்பர்னுக்கும் கிளம்பும் நம் குடும்பங்கள் பல. அவர்களில் சிலர் ஹோட்டலை விட்டுவிட்டு, ஒரு எஸ்யூவியும் பின்னால் இழுத்துப்போக ஒரு கேரவனும் வாடகைக்கு எடுக்கிறார்கள். தாத்தா பாட்டியோடு ஒன்றாகத் தங்கலாம், நம் சமையலை நாமே செய்துகொள்ளலாம். நல்ல யோசனைதான். ஆனால் இங்கே வருடக்கணக்கில் கார் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் ஒரு சின்ன டிரெய்லரைக்கூட மாட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் "இந்தக் கார் எவ்வளவு இழுக்கும்?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம். 3,000 கிலோ என்று பதில் வந்தால், அதற்குள் அடங்கும் எந்தக் கேரவனும் சரி என்று நினைத்துவிடுகிறோம். முதல் தவறே இதுதான். பல சமயம் இழுக்கும் திறன் தீருவதற்கு முன்பே காரின் சுமக்கும் திறன் தீர்ந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலியாக 2,250 கிலோ எடையுள்ள எஸ்யூவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களும் சாமான்களும் ஏறிய பிறகு 3,000 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது தயாரிப்பாளர் வைத்த வரம்பு. இதைத்தான் ஜி.வி.எம். என்பார்கள். ஆக, 750 கிலோ ஏற்றலாம். இனி 2,500 கிலோ கேரவனை மாட்டுங்கள். அதன் மூக்கு, காரின் பின்னால் கேரவனை மாட்டும் இரும்புக் குமிழான டோபாலை அழுத்தும் எடை, அதாவது மூக்கெடை, பொதுவாக மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். இங்கே 250 கிலோ. அந்த எடையைச் சுமப்பது கார்தான், ஆகவே 750இல் 250 போய்விட்டது. பெரியவர்கள் ஐந்து பேர் ஏறினால் இன்னும் ஏறத்தாழ 350 போகும். மிஞ்சிய 150 கிலோவுக்குள் பெட்டிகள், ஐஸ்பெட்டி, அரிசி மூட்டை, குக்கர், கூரைமேல் கட்டிய கூடாரம் எல்லாம் அடங்க வேண்டும். டோபால் நிற்கும் சட்டமான டோபாரைப் பின்னாளில் பொருத்தியிருந்தால் அந்த இரும்பின் எடையும் இதில் சேரும்.

இதோடு ஜி.சி.எம். என்று இன்னொரு வரம்பும் உண்டு. காரின் சக்கரங்களும் கேரவனின் சக்கரங்களும் சேர்ந்து தாங்கக்கூடிய மொத்த எடை அது. நம் எடுத்துக்காட்டுக் காருக்கு அது 5,500 கிலோ என்றால், 3,000 கிலோவுக்கு நிரம்பிய காரின் பின்னால் கேரவன் சக்கரங்கள்மேல் 2,500தான் நிற்கலாம். 3,000 கிலோ கேரவனில் மூக்கெடை 300 போனாலும் சக்கரங்கள்மேல் 2,700 நிற்கும். விளம்பரத்தில் 3,000 இழுக்கும் என்று போட்டிருந்த அதே கார், இப்போது வரம்பைவிட 200 கிலோ கூடுதலாக இழுக்கிறது.

காரின் பெயரை மட்டும் பார்த்து முடிவுசெய்வதும் ஆபத்து. ஆஸ்திரேலியாவில் விற்ற ஐந்தாம் தலைமுறை டொயோட்டா ராவ்4 ஹைபிரிட்டில், நான்கு சக்கர இயக்கம் உள்ள கார் பிரேக் உள்ள டிரெய்லரை 1,500 கிலோ வரை இழுக்கலாம். முன்சக்கர இயக்கம் உள்ளதற்கு அனுமதி 480 கிலோதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் எளிதில் தெரியாது.

கேரவன் பக்கமும் ஒரு எண்ணில் ஏமாந்துபோகிறோம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது பெரும்பாலும் காலி எடை. நீங்கள் பார்க்க வேண்டியது கேரவனில் பதித்திருக்கும் தகட்டில் உள்ள ஏ.டி.எம்., அதாவது சாமான் ஏற்றிய கேரவன் அதிகபட்சம் இருக்கக்கூடிய எடை. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 80 லிட்டர் தொட்டி இரண்டை நிரப்பினாலே 160 கிலோ ஏறிவிடும்.

மொத்த எடை சரியாக இருந்தாலும் அடுக்கும் விதத்தில் கெடுத்துவிடலாம். டின் உணவு, கருவிப்பெட்டி போன்ற கனமானவை தரைமட்டத்தில், சக்கர அச்சுக்குப் பக்கத்திலோ சற்று முன்னாலோ இருக்க வேண்டும். மேல் அலமாரியில் போர்வை, துணி போதும். பின்புறம் சைக்கிள்களைத் தொங்கவிட்டால் மூக்கெடை குறைந்துவிடும், அப்போதுதான் கேரவன் வால் ஆட்டத் தொடங்கும். மூக்கெடை அளவுக்கு மீறினாலும் கெடுதல்தான்: காரின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்களின் பிடி தளரும், ஸ்டியரிங் லேசாகிவிடும். மூக்கெடையை அளக்கவே சின்னத் தராசு விற்கிறது. கேட்டு வாங்கி அளந்து பாருங்கள்.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாக. ஆஸ்திரேலிய விதிப்படி சக்கரங்கள்மேல் 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும், கேரவன் காரிலிருந்து பிய்த்துக்கொண்டால் தானாகவே பிரேக் பிடிக்கவும் வேண்டும். மின்சார பிரேக் உள்ள கேரவனுக்குக் காருக்குள் அந்தப் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலர் பொருத்தியிருக்க வேண்டும். சாதாரண வாடகைக் காரில் அது இருப்பது அரிது. பல வாடகை ஒப்பந்தங்கள் எதையும் இழுக்கவே அனுமதிப்பதில்லை. மீறினால் காப்புறுதியும் கைவிட்டுவிடும். ஆகவே இழுப்பதற்கென்றே தயார்செய்த காரை எழுத்துப்பூர்வ அனுமதியோடு எடுங்கள்.

வேகம். நம் விரைவுச்சாலைகளில் உச்ச வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அங்கே 110 என்ற பலகையைப் பார்த்ததும் கால் தானாக அழுத்தும். நியூசிலாந்தில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குச் சட்டமே 90தான். ஆஸ்திரேலியாவிலும் அந்த வேகத்திலேயே போவது நல்லது. நீளமான லாரி ஒன்று முந்திப்போகும்போது அடிக்கும் காற்றில் கேரவன் ஆடலாம். அப்போது காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பாதீர்கள், வேகத்தைக் கூட்டியும் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கன்ட்ரோலரின் கைப்பிடியால் கேரவன் பிரேக்கை மட்டும் மெதுவாகப் போடுங்கள்.

எல்லாம் ஏற்றிய பிறகு, ஊரை விட்டுக் கிளம்புமுன் ஒருமுறை எடைமேடைக்குப் போங்கள், காரில் எல்லாரும் உட்கார்ந்தபடியே. எடை கூடுதலாக இருந்தால் முதலில் குறைக்க வேண்டியது தண்ணீர், ஏனென்றால் கேரவன் பூங்காக்களில் குழாய் இருக்கும். தொட்டி அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்து மூக்கெடையும் மாறும் என்பதால், தண்ணீரை இறக்கிய பிறகு அதையும் மறுபடி அளந்துவிடுங்கள்.