சாப்பாட்டு நேர இன்சுலின்: ஊசிக்கும் முதல் கவளத்துக்கும் இடையே எவ்வளவு நேரம்?

எத்தனை யூனிட் போட வேண்டும் என்பதை மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். போட்டபின் எவ்வளவு நேரம் கழித்துச் சாப்பிட உட்கார வேண்டும் என்பதோ பல வீடுகளில் அவரவர் வசதிக்கு விடப்படுகிறது. அந்த இடைவெளி மருந்துக்கு மருந்து மாறும் என்பதால், குப்பியிலோ பேனாவிலோ அச்சிட்டிருக்கும் பெயரை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் பரவலாகக் கிடைக்கும், தண்ணீர்போல் தெளிவாக இருக்கும் ரெகுலர் இன்சுலினில் மூலக்கூறுகள் ஆறு ஆறாகச் சேர்ந்திருக்கும். தோலுக்கு அடியில் அவை பிரிந்த பிறகே இரத்தத்தில் கலக்க முடியும் என்பதால், வேலை தொடங்க ஏறக்குறைய அரை மணி நேரமும், உச்சத்தை எட்ட இரண்டு முதல் நான்கு மணி நேரமும் ஆகின்றன. இதைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பே போட வேண்டும். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட், குளுலைசின் ஆகிய விரைவு வகைகள் விரைவாகப் பிரியும்படி மாற்றி அமைக்கப்பட்டவை. இவற்றுக்குப் பொதுவாக 15 நிமிடம் போதும். அஸ்பார்ட்டிலேயே இன்னும் வேகமான வகை ஒன்று உண்டு. அதைத் தட்டு முன்னால் வந்தபின் போட்டுக்கொள்ளலாம். 30 பங்கு சாப்பாட்டு நேர இன்சுலினும் 70 பங்கு மெதுவாக வேலை செய்யும் இன்சுலினும் சேர்ந்த 30/70 கலவை மருந்து, ரெகுலரைக் கொண்ட மனித இன்சுலினாக இருந்தால் 30 நிமிடம், விரைவு வகைக் கலவையாக இருந்தால் 15 நிமிடத்துக்குள். கலவை மருந்து கலங்கலாக இருக்கும். குலுக்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டி, எங்கும் ஒரே பால் நிறம் வந்தபின் எடுக்க வேண்டும்.

காலை எட்டு மணிக்கு நான்கு இட்லி சாப்பிடும் ஒருவர், ரெகுலர் இன்சுலினை ஏழரைக்குப் போடாமல் எட்டு மணிக்குத் தட்டின் முன் உட்கார்ந்து போட்டுக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இட்லியின் மாவுச்சத்து விரைவில் செரிப்பதால் ஒன்பது மணிவாக்கில் சர்க்கரை ஏறி நிற்கும். அப்போது மருந்து முழு வீச்சில் இருக்காது. பதினோரு மணிக்கு இட்லியின் தாக்கம் ஓய்ந்திருக்கும், மருந்தோ இன்னும் வலுவாக இருக்கும். சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கி வியர்க்கும். ஒரே ஊசியில் ஏற்றமும் தாழ்வும் சேர்ந்து வருவதைப் பார்த்து அளவு தவறென்று முடிவுகட்டுகிறவர்கள் பலர். நேரத்தைச் சரிசெய்து பார்க்காமல் யூனிட்டைத் தொடுவது அவசரம் என்பதே என் கருத்து.

ஊசி போடும் முன் விரலில் குத்திப் பாருங்கள். சர்க்கரை அளவு 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இருந்தால் ஊசியை ஒதுக்கி வைத்துவிட்டு, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சரியான பிறகு உடனே சாப்பிடுங்கள், அந்த வேளை ஊசியை எவ்வாறு போடுவது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள். மாறாக அளவு மிக உயர்ந்திருந்தால், அவர் அனுமதித்த எல்லைக்குள் இடைவெளியைச் சற்று நீட்டலாம்.

சாப்பாடு எப்போது கிடைக்கும் என்று உறுதியில்லாத இடத்தில்தான் ஆபத்து. கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போதே ஊசி போட்டுக்கொண்டு, பேருந்து நெரிசலில் மாட்டி, போனபின் இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பவர் மயங்கி விழக்கூடும். மருந்தைக் கையோடு எடுத்துச் சென்று, இடம் உறுதியான பிறகு போடுவதே நல்லது. சற்றுத் தாமதமாகப் போட்டதால் ஒரு வேளை சர்க்கரை ஏறுவது, போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பதைவிடக் குறைந்த தீங்கு. வாந்தி இருப்பவர்களுக்கும், எவ்வளவு சாப்பிடும் என்று சொல்ல முடியாத சிறு குழந்தைகளுக்கும் சில நேரம் விரைவு வகையைச் சாப்பிட்டு முடித்தவுடன் போடச் சொல்வார்கள். ரெகுலருக்கு இது பொருந்தாது.

பிரியாணி, பரோட்டா போன்ற எண்ணெய்ப் பதார்த்தங்கள் இரைப்பையில் தங்கி மெதுவாகச் செரிப்பதால் சர்க்கரை மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பிறகும் ஏறும். நீண்டகால நீரிழிவால் இரைப்பை இயக்கம் மந்தமானவர்களுக்குச் சாதாரண சாப்பாட்டிலேயே இப்படி நேரும். அவர்களுக்கு மேற்சொன்ன இடைவெளிகள் அப்படியே பொருந்தா. ஏறியிருக்கிறதே என்று உடனே இன்னொரு ஊசி போடாதீர்கள். முந்தைய மருந்து இன்னும் உடலில் இருக்கும், இரண்டும் சேர்ந்து சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும்.

ஊசி போடும் இடமும் நேரத்தை மாற்றும். வயிற்றில் போட்டால் விரைவாகவும் தொடையில் போட்டால் மெதுவாகவும் மருந்து சேரும். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்துப் போன தோலில் எப்போது சேரும் என்று கணிக்கவே முடியாது. அதே பகுதிக்குள் குத்தும் புள்ளியை மாற்றிக்கொண்டே இருங்கள்.

முதல் கவளத்திலிருந்து கணக்கிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 180-க்குக் கீழே இருப்பது இலக்கு, முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது வேறுபடும். சில நாட்களுக்கு ஊசி போட்ட நேரம், சாப்பிடத் தொடங்கிய நேரம், முன்னும் பின்னும் பார்த்த அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மருந்துக் குப்பியுடன் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.