பத்து குப்பி இருக்கிறதா?

ஏற்காடு மலையில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பாம்புக்கடி என்றாலே எல்லோரும் முதலுதவியைத்தான் கேட்பார்கள். அதையும் சொல்கிறேன், ஆனால் அப்புறம். கடித்த பிறகு எங்கே போவது, அங்கே மருந்து இருக்குமா என்று தெரியாமல் அலைகிற நேரம்தான் மலையில் ஆளைக் கொல்கிறது. அந்த அலைச்சலைக் கடிக்கு முன்னாலேயே முடித்து வைக்கலாம்.

எனக்கு அது உறைத்த நாளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மார்கழி சாயங்காலம் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்காவைத் தூக்கி வந்தார்கள். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, ஈறில் ரத்தம் கசிந்தது. கண்ணாடி விரியன். ஸ்டாக் புத்தகத்தில் 12 குப்பி விஷமுறிவு மருந்து. பீரோவைத் திறந்தால் எட்டு காலாவதி ஆகியிருந்தது. இருந்த நாலை ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவு இறக்கி சேலத்துக்கு அனுப்பினோம். பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் கெட்டு மூன்று வாரம் டயாலிசிஸ். அந்தப் புத்தகத்தில் இருந்த கையெழுத்து என்னுடையது.

அதனால் சொல்கிறேன், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இப்போதே போய் விசாரியுங்கள், ஆனால் ‘மருந்து இருக்கா?’ என்று கேட்காதீர்கள். ‘இருக்கு’ என்றுதான் பதில் வரும், நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். எத்தனை குப்பி, காலாவதி எந்த மாதம், ராத்திரியில் ஏற்ற டாக்டர் இருப்பாரா என்று மூன்றாகக் கேளுங்கள். (நாங்கள் ‘வயல்’ என்போம். ஊரில் அப்படிச் சொன்னால் நெல் வயலா என்பார்கள், குப்பி என்றே கேளுங்கள்.) வார்டு உறுப்பினரும் மகளிர் குழுத் தலைவியும் சேர்ந்து போனால் மரியாதையாகப் பதில் கிடைக்கும்.

பத்துக்குக் குறைந்தால் போதாது. முதல் டோஸே பொதுவாகப் பத்து குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான், சின்னப் பிள்ளை என்று பாம்பு விஷத்தைக் குறைத்துப் போடுவதில்லை. விஷம் ஏறியிருப்பதைப் பொறுத்து அதற்கு மேலும் தேவைப்படும். ‘இங்கே ஃபிரிட்ஜ் இல்லை, அதனால் வைப்பதில்லை’ என்று சொன்னால் லேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். திரவமாக வருவதற்குத்தான் ஃபிரிட்ஜ் கட்டாயம், பொடியாக வருவதை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் போதும்.

இன்னொன்றும் கேளுங்கள்: கண்ணாடி டியூப் இருக்கிறதா? இரண்டு மில்லி ரத்தத்தைப் புதிய, காய்ந்த கண்ணாடி டியூபில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் மாதிரி ரத்தத்தைக் கெடுக்கும் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் டியூபில் இது சரியாகத் தெரியாது. லேப் இல்லாத இடத்திலும் முடிகிற சோதனை, சில ரூபாய் டியூப் இல்லாமல் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

குப்பி குறைவாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு தடவை கூடுகிறது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கிவிட்டது. கடி ஒவ்வொன்றும் கணக்கில் ஏற வேண்டும். லேசான கடிதானே என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் உங்கள் மலையில் பாம்பே இல்லை என்று ஏடு சொல்லும். அப்புறம் இன்டென்ட்டில், அதாவது மருந்து கேட்டு அனுப்பும் பட்டியலில், எண்ணிக்கையைக் கூட்டிக் கேட்க முடியாது.

அடுத்தது வழி. எந்தப் பாறை மேல் ஏறினால் டவர் கிடைக்கும், 108 எந்த இடம் வரை வரும், அதுவரை தூக்க மூங்கிலும் கம்பளியும் யார் வீட்டில் இருக்கிறது என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிய வேண்டும். 108 வர நேரமாகும் என்றால் பைக்கே போதும். ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் கடிபட்டவர் உட்கார வேண்டும். நேபாளத்தில் டமாக் பகுதியில் இப்படி பைக் தன்னார்வலர்களை வைத்தே சாவைப் பெரிதாகக் குறைத்திருக்கிறார்கள். கோடை விழா சமயத்தில் சேலம் ரோடு வண்டியால் அடைத்துக்கொள்ளும், குப்பனூர் வழியை மனதில் வையுங்கள். எந்த வழியானாலும் மலையிலேயே மருந்து ஏற்ற முடிந்தால் ஏற்றிவிட்டு இறங்குங்கள்.

மந்திரிக்கிற பெரியவரோடு சண்டை வேண்டாம். எங்கள் பக்கம் ஒருவரிடம், “ஐயா, திருநீறு போடுங்க, ஆனா வண்டியில உட்கார்ந்தே போடுங்க” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வண்டியில போட்டாலும் பலிக்கும்மா” என்றார். அதற்குப் பிறகு கடிபட்டவர்களை அவரே வண்டி ஏற்றி அனுப்பினார்.

சரி, முதலுதவி. மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்றுங்கள். எலும்பு முறிந்தால் கட்டுவது போல் குச்சி வைத்து அசையாமல் கட்டுங்கள். கயிறு இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. நடக்க விடாதீர்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். காப்பிச் செடியில் கிடக்கும் பச்சை மூங்கில் விரியனுக்கு அது கேட்காது, ஆனாலும் வீக்கத்துக்கும் வலிக்கும் ஆஸ்பத்திரிதான் போக வேண்டும்.

கட்டு விரியன் தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும். வலி அவ்வளவாக இருக்காது, பல் பட்ட தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்பார்கள், வீட்டில் வாய்வு என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். கண் இமை தொங்கினாலோ எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ சோடாவை வைத்துவிட்டு வண்டியை எடுங்கள்.

போனதும் ஊசி போடவில்லை என்று நர்ஸிடம் கத்தாதீர்கள். விஷம் ஏறாத கடியும் நிறைய உண்டு. அறிகுறி இருந்தால்தான் மருந்து, இல்லாவிட்டால் 24 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். அந்த ஒரு நாளும் அங்கேயே இருங்கள்.

கேட்டு வந்ததை ரேஷன் கடைச் சுவரில் எழுதி வையுங்கள்: ஆஸ்பத்திரி, குப்பி எண்ணிக்கை, காலாவதி மாதம், வண்டி வைத்திருப்பவர் போன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்து மாற்றுங்கள். எங்கள் ஊர்ச் சுவரில் போன மழை பாதியை அழித்துவிட்டது. பெயிண்ட் வாங்கிக் கொடுத்தேன். குப்பி எண்ணிக்கையை மட்டும் சாக்பீஸால் எழுதச் சொல்லியிருக்கிறேன்.