வலிக்காத வாய்: பல், ஈறு, தாடை நோய்களை இனங்காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பை தாராவியில் இட்லி அவித்து விற்கும் அக்கா ஒருவர் சென்ற மழைக்காலத்தில், சயான் பக்கம் இருக்கும் என் பல் மருத்துவ அறைக்கு வந்தார். கடைவாய்ப்பல் கூசுகிறது என்பது மட்டுமே அவர் சொன்ன குறை. வாயைத் திறக்கச் சொன்னேன். சிறிது திறந்து நிறுத்திக்கொண்டார். "இவ்வளவுதான் டாக்டரம்மா, முழுசாத் திறந்துட்டேன்" என்றார். மேல்வரிசைப் பல்லுக்கும் கீழ்வரிசைப் பல்லுக்கும் இடையே அவருடைய விரல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நுழைத்துப் பார்க்கச் சொன்னபோது ஒரு விரல்தான் நுழைந்தது. கன்னத்தை உப்பிக் காட்டவும் முடியவில்லை. கன்னத்தின் உட்புறம் வெளிறியிருந்தது. விரலால் தடவியபோது தோலுக்கடியில் கயிறு ஓடுவதைப்போல் நார் தட்டுப்பட்டது. காரம் பட்டால் எரிகிறது என்று, தாம் விற்கும் இட்லியையே 2 ஆண்டுகளாகச் சட்னியில்லாமல் தயிரில் தொட்டுச் சாப்பிட்டு வந்திருக்கிறார். இத்தனை நாள் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "வலிக்கலையேம்மா" என்றார்.

வாய் நோய்களை இனங்காண்பதில் நம்மவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சொல்லிலிருந்துதான் கிளைக்கின்றன. வலித்தால் நோய், வலிக்காவிட்டால் நலம் என்ற கணக்கு வாய்க்குப் பொருந்தாது. வாயில் வரும் கொடிய நோய்கள் பல, தொடக்கத்தில் சிறிதும் வலிப்பதில்லை. மிகவும் வலிக்கும் சிறு புண்களோ பெரும்பாலும் தாமாகவே ஆறிவிடுகின்றன. ஆகவே ஒரு மாற்றம் எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட எத்தனை நாளாக இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அந்த அக்காவுக்கு இருந்தது, கன்னத்தின் உட்சவ்வு நாராக இறுகிப்போகும் நோய். அதற்குக் காரணம் பாக்கு. இங்கே மிகப் பரவலான ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2012இல் குட்கா தடை செய்யப்பட்ட பிறகு, "புகையிலை கலக்காத வெறும் பாக்குதான் போடுகிறேன்" என்று நிம்மதியாகச் சொல்பவர்களை மும்பையில் நாள்தோறும் பார்க்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. இனிப்புப் பாக்குப் பொட்டலத்தைக் குழந்தைக்குச் சில்லறைக்குப் பதிலாக வாங்கிக் கொடுப்பவர்களைக் காணும்போது எனக்கு மனம் பதறுகிறது. அதேபோல, வறுத்த புகையிலைத் தூளான மிஷ்ரியால் பல் தேய்க்கும் பழக்கம் இந்த ஊர்ப் பெண்களிடம் உண்டு. பக்கத்து வீட்டுப் பழக்கமாக நம் பெண்களிடமும் அது தொற்றியிருக்கிறது. அதைப் பற்பொடி என்றே கருதுவதால், "புகையிலைப் பழக்கம் உண்டா?" என்று மருத்துவர் கேட்டால் இல்லை என்று உண்மையாகவே நம்பிச் சொல்லிவிடுகிறார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றையும் சேர்த்துச் செங்குத்தாக நுழைக்கும் அளவுக்கு வாய் திறக்க வேண்டும். முன்பு திறந்த வாய் இப்போது அந்த அளவுக்குத் திறக்கவில்லை என்றால் காட்டத் தயங்கக் கூடாது. இறுகிய நார் பழைய நிலைக்கு முழுவதும் திரும்பாது. ஆனால் பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவதைக் குறைக்க முடியும்.

அடுத்தது வாய்ப்புண். நம் வீடுகளில் வாய்ப்புண் என்றாலே உடம்புச் சூடு, உடனே மணத்தக்காளிக் கீரை. கீரையில் குற்றமில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். கீரையை நம்பி வாரங்களைக் கணக்கு வைக்காமல் விடுவதில்தான் குற்றம். சாதாரணப் புண் உதட்டின் உட்புறத்திலோ கன்னத்திலோ நாக்கின் ஓரத்திலோ சிறு வட்டமாக, நடுவில் மஞ்சள் கலந்த வெண்மையும் சுற்றிலும் சிவப்பு வளையமுமாக வந்து, உப்பு பட்டாலே உயிர்போகும்படி வலித்து, 7 முதல் 14 நாளில் ஆறிவிடும். ஓரம் தடித்து, தொட்டால் கெட்டியாக, வலியில்லாமல் ஒரே இடத்தில் 2 வாரத்துக்குமேல் நிற்கும் புண் வேறு. நாக்கின் பக்கவாட்டிலும், பாக்கையோ புகையிலையையோ அடக்கிவைக்கும் கன்னத்திலும் அப்படி ஒன்று தென்பட்டால் கூடுதல் கவனம் வேண்டும். கூர்மையாக உடைந்த பல்லோ பொருந்தாத பல்செட்டோ உரசுவதாலும் புண் வரலாம். ஆனால் அதைத்தான் காரணமென்று நாமே முடிவு செய்துகொள்ளாமல், பல்லை மழுக்கியபின் 2 வாரத்துக்குள் புண் ஆறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த ஊரில் இதோடு மொழிச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. மருந்துக்கடையில் போய் இந்தியில் "முஹ் மே சாலா" (வாயில் புண்) என்று சொன்னால் அவர்கள் ஒரு களிம்பும் வைட்டமின் மாத்திரையும் தருவார்கள். அந்த ஒரு சொல்லில் நேற்று வந்த புண்ணும் அடங்கும், மூன்று மாதப் புண்ணும் அடங்கும். எந்த மொழியில் பேசினாலும் நாள் கணக்கைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெள்ளைத் திட்டுகளையும் இப்படித்தான் குழப்பிக்கொள்கிறார்கள். துணியால் துடைத்தால் உரிந்து வரும் வெண்படலம் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று; நீரிழிவு உள்ளவர்களுக்கும், ஆஸ்துமாவுக்காக ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்தபின் வாய் கொப்பளிக்காதவர்களுக்கும் அது வரும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, பின்னாளில் புற்றாக மாறக்கூடியவற்றுள் ஒன்று. அதைவிட ஐயத்துக்குரியது வெல்வெட்டுப்போன்ற சிவப்புத் திட்டு. வெள்ளை கண்ணில் படுவதால் பயப்படுகிறார்கள், சிவப்பை வாயின் இயல்பான நிறமென்று விட்டுவிடுகிறார்கள்.

நலமான வாயைப் பார்த்து அஞ்சி வருபவர்களும் உண்டு. நாக்கின் பின்பகுதியில், தொண்டைக்குமுன் வரிசையாகத் தெரியும் பெரிய மொட்டுகள் எல்லோருக்கும் உள்ளவை. மேல் அண்ணத்தின் நடுவில் பல ஆண்டுகளாக மாறாமல் இருக்கும் எலும்பு மேடு, கன்னத்திலுள்ள மஞ்சள் நிறச் சிறு புள்ளிகள், நம் போன்ற நிறத்தவர்க்கு ஈற்றில் இருபுறமும் ஒத்திருக்கும் கருமை ஆகியவை நோயல்ல. ஈற்றுக் கருமையை அழுக்கென்று எண்ணி உப்பையும் கரியையும் போட்டுத் தேய்ப்பது ஈற்றைத்தான் தேய்க்கும்.

பல்வலி தானாக நின்றுவிட்டால் பல் சரியாகிவிட்டது என்று நினைப்பது, எனக்குத் தெரிந்த தவறுகளில் மிகவும் விலை கொடுக்க வைப்பது. சொத்தை ஆழமாகி நரம்பைத் தொடும்போது இரவெல்லாம் வலிக்கும்; நரம்பு செத்ததும் வலி நிற்கும்; ஆனால் தொற்று வேரின் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். சில மாதம் கழித்து ஈற்றில் ஒரு கொப்புளம் தோன்றிச் சீழ் கசியும், அப்போதும் வலி பெரிதாக இராது. இதற்கிடையில் வலிமாத்திரையைப் பொடித்து ஈற்றில் வைப்பவர்கள் அங்கே வெந்துபோன வெள்ளைப் புண்ணோடு வருவார்கள். முகம் வீங்கினால் வெளியே சூட்டு ஒத்தடம் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். சீழ் தோலை நோக்கி வெளியே உடைய அது வழி செய்யும். கீழ்க் கடைவாய்ப் பல்லில் தொடங்கிய வீக்கம் தாடைக்கடியில் இருபுறமும் பரவி, நாக்கை மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாமல், குரலும் மாறினால் மூச்சுவழி அடைபடலாம். அது விடியும்வரை காத்திருக்கக் கூடிய வீக்கமன்று. அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஈற்றில் இரத்தம் வந்தால் பல் தேய்ப்பதை நிறுத்துகிறார்கள். தேய்க்காததால் பற்காரை சேர்ந்து இரத்தம் கூடுகிறது. புகைபிடிப்பவர்களுக்கு ஈற்று நோய் முற்றியும் இரத்தம் அதிகம் வராது என்பதால் அவர்கள் ஏமாந்துபோகிறார்கள். காய்ச்சலோடு இரத்தம் கசிந்தால், அதுவும் மும்பை மழைக்காலத்தில், டெங்குவுக்கான இரத்தப் பரிசோதனை முதலில்.

தாடையின் வீக்கத்தை யாரும் உடனே காட்டுவதில்லை, ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியவே ஆண்டுகள் ஆகலாம். தாடை எலும்புக்குள் வளரும் நீர்க்கட்டிகளும் சிலவகைக் கட்டிகளும் வலியின்றி எலும்பை மெல்ல உப்பவைக்கின்றன. ஒரு பக்கம் முகம் "சதை போட்டிருக்கிறது" என்று வீட்டார் சொல்வார்கள். பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஈறு நன்றாக இருக்கும்போதே ஓரிரு பற்கள் மட்டும் ஆடுவதும், கீழுதட்டின் ஒரு பாதி மரத்துப்போவதும் எக்ஸ்ரே எடுத்தே தீர வேண்டிய அறிகுறிகள். ஆடுகிறதே என்று அந்தப் பல்லை மட்டும் பிடுங்கிவிட்டால், பிடுங்கிய குழி ஆறாமலிருக்கும்போதுதான் உண்மை தெரியவரும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். 6 வயதை ஒட்டி, எந்தப் பால்பல்லும் விழாமலே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். "பால்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று அதன் சொத்தையை விட்டுவிடாத பெற்றோரை நான் அரிதாகவே பார்க்கிறேன். ஒருபுறம் முளைத்த முன்பல்லின் இணை, மறுபுறம் 6 மாதமாகியும் வரவில்லை என்றாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். தெய்வச் செயலென்று காத்திருக்க வேண்டாம். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களில் பலருக்குப் பல்லில் காணும் பழுப்புக் கறை, சிறுவயதில் குடித்த நீரிலிருந்த ஃபுளோரைடால் எனாமலுக்குள்ளேயே உண்டானது. தேய்த்தால் போகாது.

பல்லில் தோன்றும் வலியெல்லாம் பல்லுக்குரியதும் அன்று. முகம் கழுவும்போது மின்னல் வெட்டுவதைப்போல் சில நொடி தாக்கிப் போகும் வலி நரம்புக்குரியது. அதைப் பல்வலி என்று கருதி, நல்ல பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். தாதர் மேம்பாலப் படியேறும்போது இடத்தாடை வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் முதலில் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

இட்லிக்கார அக்காவின் கன்னத்தில், நார் இறுகிய இடத்துக்குப் பக்கத்தில், துடைத்தும் போகாத ஒரு வெள்ளைத் திட்டும் இருந்தது. சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றதும் எழுந்துவிட்டார். "கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே டாக்டரம்மா." நோயைக் கண்டறிய எடுக்கும் பயாப்சியால் வாய்ப்புற்று பரவுவதில்லை; அதற்கு அஞ்சி ஒத்திப்போடும் மாதங்களில்தான் பரவுகிறது. இதை அவரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாம் முறை அவருடைய மகளையும் அருகில் உட்கார வைத்துச் சொன்னேன். அரசுப் பல் மருத்துவக் கல்லூரி சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தின் அருகில் இருக்கிறது, நாயர் மருத்துவமனையின் பல் மருத்துவக் கல்லூரி மும்பை சென்ட்ரலில் இருக்கிறது, தேவைப்பட்டால் பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனையும் உண்டு என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, அடியில் "பாக்கு: 11 ஆண்டு. எரிச்சல்: 2 ஆண்டு. வெள்ளைத் திட்டு: தெரியவில்லை" என்பதை இந்தியில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை இட்லி வியாபாரத்தை முடித்துக்கொண்டு, மகளோடு சயான் ரயில் நிலையத்துக்குப் போனார்.