குளத்துக் காட்டில் நடைபாதை: இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் வன்னியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். இரண்டு பிரதேச சபைகள், ஒரு கமக்கார அமைப்பு, ஒரு இளைஞர் கழகம். குளக்கட்டிலிருந்து காட்டு வழியாகப் பழைய ஐயன் கோயில்வரை நடைபாதை, பறவை பார்க்க ஒரு பரண், ஊர்ப் பெண்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. அருமையான திட்டம். வரைபடத்தை விரித்த பிள்ளை, "பாதை பன்னிரண்டு அடி அகலம், அப்பதான் வான் வண்டி போகும்" என்றபோதுதான் எனக்கு நெஞ்சு பதறியது. அதே வசனத்தை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

குப்பைத்தொட்டி, பலகையில் எழுத்துப்பிழை போன்றவற்றை நீங்களே கவனித்துக்கொள்வீர்கள். மற்றதைச் சொல்கிறேன்.

பாதையை அகலமாக்குவது

எங்கள் குளத்துக்குப் பின்னால் இருந்தது மாடு மேய்ப்பவர்களும் தேன் எடுப்பவர்களும் போய்வந்த ஒற்றையடிப் பாதை. வயதானவர்கள் நடக்க மாட்டார்கள், அதிகாரிகள் வாகனத்தில் வருவார்கள் என்று கணக்குப் போட்டு, மண் தள்ளும் பெக்கோ இயந்திரத்தை இரண்டு நாள் வாடகைக்குப் பிடித்தோம். பெரிய பாலை, வீரை மரங்களைத் தொடவில்லை. பற்றையையும் இளமரங்களையும்தான் தள்ளினோம். அதில் தவறிருப்பதாக அன்று யாருக்கும் தோன்றவில்லை.

மழை ஓய்ந்து தை மாதம் போய்ப் பார்த்தால், பாதை முழுக்க உழவு இயந்திரத்தின் சக்கரத் தடம். முதலில் விறகு போனது. பிறகு முதிரை. ஒரு முதிரை பலகைக்கு வைரமேற எத்தனை பத்தாண்டு வேண்டும் என்று வன்னிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. அப்புறம் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆற்றில் மணல் அள்ளத் தொடங்கினார்கள். கரை இடிந்தது, மண் குளத்துக்குள் வந்து சேர்ந்தது. இவ்வளவு காலமும் அந்தக் காட்டைக் காத்தது பாதையின் ஒடுக்கம்தான். காக்க வந்த நாங்களே அதைத் திறந்து விட்டோம்.

முறையிடப் போனோம். இரண்டு சபைகளின் எல்லைக்கல் பாதையின் நடுவில் நின்றது. மரம் வெட்டிய இடம் அந்தப் பக்கம் என்று இவர்கள் சொன்னார்கள், இந்தப் பக்கம் என்று அவர்கள் சொன்னார்கள். குளம் ஒரு திணைக்களம், காடு இன்னொன்று. எங்கள் உடன்படிக்கையில் பத்துக் கையெழுத்து இருந்தது. வாசலுக்குச் சங்கிலி யார் போடுவது, திறப்பு (சாவி) யாரிடம் இருப்பது என்று ஒரு வரி இல்லை. எங்களை நம்பிக் கையெழுத்துப் போட்ட பெரியவர் ஒருவர், "காட்டைக் காப்பாத்தத்தானே தம்பி எண்டு சொன்னீங்கள்?" என்று கேட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் யாராவது "வான் போக வேண்டும்" என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

பாதை மூன்று அடி போதும். ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நடக்கட்டும். மரத்தை வெட்டி நேராக்காமல், மரத்தைச் சுற்றி வளைத்துப் போங்கள். வாசலில் ஆளும் சைக்கிளும் மாடும் நுழையும் இடைவெளியில் கொங்கிறீற் தூண் நட்டால் உழவு இயந்திரம் நுழையாது. தூணை எங்கே நடுவது என்று மாட்டுக்காரரைக் கேட்டே நடுங்கள். நடக்க முடியாதவர்களுக்குக் குளக்கட்டே இருக்கிறது. வாகனம் அங்கே நிற்கட்டும், கூழைக்கடாவை அங்கிருந்தே பார்க்கலாம். காவலைக் கமக்கார அமைப்பிடம் கொடுங்கள். தண்ணீர் திறக்கும் காலத்தில் அவர்கள்தான் நாள்தோறும் துருசடிக்கு, அதாவது குளத்து மதகடிக்கு, போகிறவர்கள். ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் பாதையை யார் திருத்துவது, எந்தக் காசில் என்பதையும் கையெழுத்துக்கு முன்னமே எழுதி வையுங்கள்.

வரட்சியில் பாதை குறிப்பது

ஆவணியில் நீங்கள் நடந்த அலைகரை, குளத்தின் உள்பக்கக் கரை, மார்கழியில் தண்ணீருக்குள் இருக்கும். குளம் நிரம்பி மிகைநீர் வழிந்து வான் பாயும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மிதிவெடி

மிதிவெடி அகற்றி முடித்ததாகக் கடிதம் கையில் இல்லையா? பாதை வேண்டாம்.

பழைய வரைபடத்தை நம்புவது

சரணாலயங்களாக இருந்த சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015இல் தேசிய பூங்காக்கள் ஆகிவிட்டன. சரணாலயமாக இருந்தபோது ஊர்ச்சனம் போய்வந்தது போல இப்போது போக முடியாது, அனுமதி வேண்டும். இன்னும் சில திட்டங்களில் "சரணாலயம்" என்றே எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

கல்லில் உள்ளதை மட்டும் வாசித்துக் காட்டுவது

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடு. அங்கே நட்ட கல், 1803 ஒக்டோபர் 31 அன்று பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததைச் சொல்கிறது. அது வென்றவர்கள் வைத்த கல். அதே ஆண்டு ஓகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது அதில் இல்லை. அழைத்துப் போகும் பிள்ளை கல்லை வாசித்துவிட்டுத் திரும்பினால், வந்தவர்கள் ஒரு தோல்வியை மட்டும் கேட்டுக்கொண்டு போவார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போய் அவரைக் கதைக்க விடுங்கள்.

பொங்கலைச் சுற்றுலாவில் சேர்ப்பது

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றுவார்கள். அதை நேரம் குறித்துக் காட்டும் நிகழ்ச்சியாக விளம்பரத்தில் போடாதீர்கள். வருகிறவர்கள் அடியவராக வரட்டும். எங்கே நிற்கலாம், படம் எடுக்கலாமா என்பதைக் கோயில்காரரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் கமராவை வாகனத்திலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.