கன்வென்ஷன் வேகத்தில் மாரத்தான் ஓடாதீர்கள்

மாரத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர். முதல் ஐந்தில் கால் அவ்வளவாக வலிக்காது. பலர் தவறு செய்வதும் அங்கேதான். கூட்டமும் கைதட்டலும் இழுக்க, பழகிய வேகத்தை மறந்து பாய்வார்கள். உடம்பில் சேர்த்து வைத்த கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சத்து 30 கிலோமீட்டர் சுமாரில் தீரும்போது கால் கல்லாகிவிடும்.

விசுவாச ஓட்டத்திலும் இதே கதைதான். கன்வென்ஷன் என்கிற பெரிய ஜெபக்கூட்டம் முடிந்த சூட்டிலோ, வருஷப் பிறப்பு ஆராதனையிலோ, "தினமும் பத்து அதிகாரம், காலை நாலு மணிக்கு ஜெபம்" என்று தீர்மானம் எடுப்போம். வேதாகமத்தின் முதல் இரண்டு புத்தகங்களில், ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40. ஜனவரி 10ஆம் தேதி மூன்றாம் புத்தகமான லேவியராகமம் வந்து நிற்கும். அந்தப் பலிச் சட்டங்களில் எத்தனை பேருடைய வேதவாசிப்பு படுத்திருக்கிறது! என்னுடையது இரண்டு முறை. தினம் நாலு அதிகாரம் வாசித்தால் போதும், 1,189 அதிகாரங்களும் அக்டோபர் கடைசியில் முடிந்துவிடும். காய்ச்சலுக்கும் கல்யாண வீடுகளுக்கும் இரண்டு மாசம் மிச்சம்.

அடுத்தது, பாரத்தையும் பாவத்தையும் ஒன்றென நினைப்பது. எபிரெயர் 12:1 இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்கிறது. இடுப்பில் சாவிக்கொத்தோடு ஓடுவது குற்றமில்லை. ஆனால் 20 கிலோமீட்டர் தாண்டினால் தோல் உரியும். சபையில் நாலு கமிட்டியில் இருப்பவர் "இதில் என்ன பாவம்?" என்று கேட்பார். பாவமில்லை, சரி. இதைச் சுமந்துகொண்டு ஓட முடிகிறதா?

பக்கத்தில் ஓடுகிறவரை முந்தப் பார்ப்பதும் உண்டு. "ஒருவனே பந்தயத்தைப் பெறுவான்" என்று பவுல் எழுதியது கொரிந்தியருக்கு. அவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இஸ்த்மியப் போட்டிகள் என்ற கிரேக்க விளையாட்டு விழா நடந்தது. ஓட்டக்காரனின் இச்சையடக்கத்தைக் காட்டத்தான் அந்த உவமை. அதே பவுல் 2 தீமோத்தேயு 4இல், கிரீடம் தனக்கு மாத்திரமல்ல, கர்த்தரின் பிரசன்னமாகுதலை விரும்பும் யாவருக்கும் என்கிறார்.

களைப்பை அவிசுவாசம் என்று எண்ணி மறைப்பதுதான் எல்லாவற்றையும்விட மோசம். ஆகாப் ராஜாவின் ரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல் ஊர் வரை ஓடிய எலியா தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்கிறார். வந்த தூதன் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பி, போக வேண்டிய தூரம் அதிகம் என்று சொல்லிச் சாப்பிட வைத்தான். அப்புறம் ஓரேப் மலை வரை நாற்பது நாள். அந்தத் தூரத்தை அவர் ஓடவில்லை, நடந்தார்.